நின்று விற்கும் கடை

“யாரும்மா இது?” என்று கேட்டார் ராஜவேலு.

பாயின் மேல் விரித்திருந்த பெரிய காகிதத்தில் ஒரு பட்டுக்கடை இருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்த மாதிரி வரைந்த படம். ஒரு பக்கம் நாற்காலிகளில் இரண்டு பெண்கள். நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு சன்மைக்கா ஒட்டிய கவுண்டர். அதற்குப் பின்னால் ஓர் ஆள் நின்றுகொண்டு, ஒரு சேலையை இரண்டு கையாலும் தூக்கி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சற்றுப் பெரிய காது.

“நீதான் நைனா” என்றாள் அலமு.

“நானா?” மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வேட்டிக்குக் கீழே தெரிந்த இரண்டு பாதங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “ஜோரா இருக்கிறான்மா. ரெண்டு காலும் ஒரே கனம்.”

தான் என்ன வரைந்திருக்கிறோம் என்பது அலமுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சமையல்கட்டிலிருந்து காந்தா குரல் கொடுத்தாள். “என்னாடி, படத்தைப் பார்த்துட்டு உங்க நைனா என்னா சொல்றாரு?”

“நல்லா இருக்குதுன்றாரும்மா.”

“நல்லா இல்லாம? மெட்ராஸ் பொருட்காட்சியில வெச்ச படமாச்சே. தெருவே கேட்டுக்கினு இருக்குது, எப்போ காட்டுவேன்னு.”

“காட்டலாம், காட்டலாம்” என்று ராஜவேலு காகிதத்தைச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “சின்ன முதலாளி இதைத்தான் புடிச்சிருக்குதுன்னாரா?”

“இதேதான் நைனா.”

“உக்காந்து விக்கிற மெத்தை?”

“மெத்தை கிடையாது. எல்லாரும் நின்னுதான் விக்கணும்.”

“சரி” என்றார் அவர்.

ராஜவேலுவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. தெருவில் நடக்கும்போது ஒரு கை தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வரும். பிள்ளையார்பாளையம் முழுக்க அது தெரியும். காந்தி ரோட்டுக் கடைக்குச் சேலை எடுக்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. பெரிய முதலாளி கலியாணசுந்தரம் அவரை வேலைக்கு எடுத்த அன்றைக்கு, “உக்காந்து விக்கிற வேவாரத்துக்குக் காலு எதுக்குப்பா?” என்று கேட்டாராம். அந்த ஒரு வார்த்தையில் ராஜவேலுவின் பிழைப்பு நிலைத்தது.

கடை திறக்கும் முன்பே போய், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்துவிடுவார். சம்மணம் போட்டு வேட்டியை முழங்காலின் மேல் இழுத்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் மற்ற விற்பனையாட்களைவிட அவர்தான் ஒரு பிடி உயரம். கடைசிக் கும்பல் படியிறங்கிய பிறகே எழுந்திருப்பார். பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போகவேண்டும். அவரிடம் தங்கள் கல்யாணச் சேலையை எடுத்த பெண்கள் இப்போது மகள்களுக்கு எடுக்க வருகிறார்கள். அவர் குரல் அவர்களுக்குத் தெரியும். அவர் உதறும்போது முந்தானை காற்றில் எழும்பித் தங்கள் மடியில் வந்து விழும் அழகு தெரியும். கால் தெரியாது.

அலமு மட்டும் எப்படி மறந்தாள்? அவள் மறக்கவில்லை, வேறு மாதிரி பார்த்துப் பழகிவிட்டாள். வீட்டில் நடக்கிற நைனா ஒருவர், கடையில் உட்கார்ந்திருக்கிற நைனா இன்னொருவர். மவுண்ட் ரோட்டில் அவள் வேலை பார்க்கிற மரச்சாமான் கம்பெனியின் மேனேஜர், “படத்துல ஒரு ஆள் போடும்மா, அப்பத்தான் கடைக்கு உயிர் வரும்” என்றபோது, கை தானாகக் கடையில் இருக்கும் நைனாவை எடுத்து நிறுத்திவிட்டது.

பொருட்காட்சியில் கம்பெனியின் ஸ்டாலுக்கு முன் கும்பல் கூடியது. காஞ்சிபுரத்திலிருந்து போயிருந்த சின்ன முதலாளி பழனி, படத்தோடு மாதிரிக்குச் செய்து வைத்திருந்த கவுண்டரைக் கையால் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். “நாளைக்கு இதுதாங்க நிக்கும். இதை வரைஞ்சது யாரு?” என்று கேட்டார்.

“உங்க ஊருப் பொண்ணுதான்” என்று மேனேஜர் அலமுவைக் காட்டினார்.

“அட, நம்ம ராஜவேலு பொண்ணா! அப்போ இது நம்ம கடைக்குன்னே பொறந்த கவுண்டரு.”

ஆடி மாதம் வியாபாரம் மந்தம். கடையை மூடிப் பழைய மெத்தைகளை எடுத்துவிட்டுத் தரையில் மொசைக் போட ஆரம்பித்தார்கள். மரவேலை ஹயாத் பாஷாவுக்கு வந்தது. மேற்பார்வைக்குக் கம்பெனி அலமுவையே அனுப்பியது. அவள் ஊருக்கு வந்ததும் முதலில் போனது அவருடைய பட்டறைக்குத்தான்.

“பாய், ஒண்ணு கேக்கணும். பெட்டிப் பலகையில அதே உயரத்துக்கு ஒரு கவுண்டர் அடிச்சித் தர்றீங்களா? நைனாவை நிக்க வெச்சிப் பார்க்கணும்.”

ஹயாத் பாஷா பீடியை அணைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வரையறதுக்கு முன்னாடி நிக்க வெச்சிப் பார்த்திருக்கணும்மா” என்றார். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, “சாயங்காலம் அண்ணனைக் கூட்டிக்கினு வா” என்றார்.

ராஜவேலு வந்தபோது பட்டறை நடுவில் பலகைக் கவுண்டர் தயாராக நின்றது.

“வாங்கண்ணே. உங்க சிம்மாசனம் ரெடி.”

“சிம்மாசனத்துல உக்காருவாங்க பாய். இதுல நிக்கணுமே.”

“அப்போ கோர்ட்டுக் கூண்டுன்னு வெச்சிக்குங்க. கூப்புட்டா மட்டும் பேசுங்க.”

“என்னைக் கூப்புட்டா ஊரே பேச வேண்டியதில்ல. நானே பேசிடுவேன்” என்று சிரித்துக்கொண்டே ராஜவேலு பின்பக்கம் போய் நின்றார். அலமு, அம்மாவின் பழைய சேலை ஒன்றை மடித்து எதிரில் வைத்தாள்.

“விரிச்சிக் காட்டு நைனா.”

அவர் வலது கையால் சேலையை எடுத்து உதறினார். பாதி விரிந்து, மீதி பலகையில் குவிந்தது.

“ரெண்டு கையாலயும்.”

“இன்னொரு கை என்னைப் புடிச்சிக்கினு இருக்குதேம்மா” என்றார் ராஜவேலு. இடது கை கவுண்டர் விளிம்பைப் பற்றியிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

ஒரு உயர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார் ஹயாத் பாஷா. உட்கார்ந்தால் சூம்பிய கால் அந்தரத்தில் தொங்கியது. முன்னால் குனிந்தால் உடம்பு சாய்ந்தது. “மளிகைக் கடை கல்லா மாதிரி இருக்குது. பருப்பு வேணுமா, புளி வேணுமான்னு கேக்கலாம்” என்று அவரே இறங்கிக்கொண்டார்.

அலமு அவர் இடுப்பு உயரத்தைச் சாணால் அளந்தாள். பிறகு ஒரு பலகையை எடுத்து அவருக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தாள். “பாய், இதை இங்க, இடுப்புக்குக் கொஞ்சம் கீழ, லேசா சாய்ச்சி அடிங்க.”

அடித்தார். ராஜவேலு பின்பக்கத்தை அதில் பதித்துச் சாய்ந்தார். உடம்பின் பாரம் பலகைக்குப் போயிற்று. இரண்டு கையும் விடுபட்டன. சேலையை எடுத்தார், ஒரே வீச்சு. முந்தானை எழும்பி, கவுண்டரைத் தாண்டி, எதிரில் நின்ற ஹயாத் பாஷாவின் தோளில் வந்து விழுந்தது.

“மாஷா அல்லா!” என்றார் பாய். “இதை எடுத்துக்கினு போயி எங்க வூட்டம்மா சித்தாராவுக்குக் குடுத்துடட்டுமா?”

அலமு வாய்விட்டுச் சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. “எல்லா விற்பனையாளுக்கும் சேர்த்து, கவுண்டர் நீளத்துக்கே ஒரு பலகையா போட்டுடலாம் நைனா. உனக்குன்னு தனியா தெரியாது.”

ராஜவேலு சேலையை மடித்தார். மடிப்பு மேல் மடிப்பாக நீவி வைத்தார்.

“எடுத்துடு பாய்.”

“ஏண்ணே? நல்லாத்தானே இருந்துது?”

“வாடிக்கை எதிர்ல சாஞ்சிக்கினு சேலை காட்டுறதா? திண்டு போடுறது வர்றவங்களுக்கு. பெரிய முதலாளிகூட யாராவது உள்ள நுழைஞ்சா திண்டை வுட்டு நிமிர்ந்து உக்காருவாரு. நான் சாஞ்சிக்கினு ‘வாங்கம்மா’ங்கட்டுமா?”

“பலகை உன் பின்னால இருக்குது நைனா. யாருக்கும் தெரியாது.”

“குரல்ல தெரியும்” என்றார் ராஜவேலு. “சாஞ்சிக்கினு இருக்கிறவன் குரல் வேற.”

“அப்போ நான் சின்னவர்கிட்ட பேசறேன். ஒரு மூலையில மெத்தை வுடச் சொல்றேன்.”

“பேசு. கடைக்கு நல்லதுன்னு பட்டா பேசு. ஆனா என் காலைக் கடைக்குள்ள கொண்டாராத. அதைப் பத்தி அங்க ஒரு வார்த்தை வரக்கூடாது. பாய் எதிர்ல சொல்லு, வராதுன்னு.”

“வராது நைனா” என்றாள் அலமு.

மறுநாள் அவள் பழனியைக் கடையில் பார்த்தாள். மொசைக் பாலீஷ் போடுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

“சார், கடைசி மூலையில கவுண்டரை நிறுத்திட்டு ஒரு மெத்தை போடலாம். வயசான அம்மாங்க கீழ உக்காந்து பார்க்க ஆசைப்படுவாங்க.”

“அதுக்குத்தானேம்மா நாற்காலி? உங்க மேனேஜரே சொன்னாரு, கோடு ஒரே கோடா ஓடணும், நடுவுல உடைச்சா அழகு போயிடும்னு. நீ போட்ட கோடுதானே?”

“நான் போட்டதுதான்.”

பழனி மிஷினை நிறுத்தச் சொன்னார். குரலைத் தணித்தார். “நைனாவுக்காகக் கேக்கறியா?”

எத்தனையோ சுலபமாக ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். “இல்ல சார்” என்றாள்.

“இருந்தாலும் சொல்றேன். அவருக்கு உள் ரூம்ல வேலை வெச்சிருக்கேன். நெசவுக்காரங்க கொண்டாற சேலையைப் பார்த்து எடுத்து வெக்கிறது. சம்பளத்துல ஒண்ணும் குறையாது. ஃபேன்கூட இருக்குது. ராஜா மாதிரி இருக்கலாம்.”

இதை அலமு வீட்டில் சொன்னபோது காந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஃபேனுக்குக் கீழ உக்காந்து சேலையைப் பொறுக்கிறதுக்கு யாருக்குக் கசக்குது? சரின்னு சொல்லுங்க.”

“உள் ரூமுக்கு ஜன்னல் கூட இல்லடி.”

“ஜன்னல்ல என்னா பார்க்கப் போறீங்க?”

“வர்றவங்களைப் பார்க்கணும். அம்மாவும் பொண்ணும் படியேறி வரும்போதே எனக்குத் தெரியும், இதுக்கு அரக்கு, இதுக்கு மாம்பழ மஞ்சள்னு. உள்ள உக்காந்து செவுத்துக்கா காட்டுறது?” அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “நிக்கிறேன். நிக்காமயா போயிடுவேன்?”

ஆடி முடிகிற வரை அவர் தினமும் பட்டறைக்குப் போனார். அந்தப் பலகைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகினார். “இன்னிக்கு நேத்தைவிடத் தேவலை” என்று ஹயாத் பாஷா சொல்வார். அலமுவிடம் தனியாக, “தேவலைன்னு சும்மா சொல்றேம்மா” என்பார்.

ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் கடை திறந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே வரிசையாக ட்யூப் லைட். புதுக் கவுண்டர் வார்னிஷ் வாசனையோடு ஒரே கோடாக ஓடியது. ஊர்க் கடைக்காரர்கள் எல்லாம் வந்து தடவிப் பார்த்தார்கள். அடுத்த பொருட்காட்சிக்குப் படம் எடுக்க மெட்ராஸிலிருந்து மேனேஜர் ஒரு போட்டோகிராபரோடு வந்திருந்தார்.

ராஜவேலு சலவை வேட்டி கட்டி, வாசற்பக்கத்து முதல் இடத்தில் நின்றிருந்தார். இடது கை விளிம்பில். பக்கத்தில் வீரபாகு என்கிற இளம் விற்பனையாள்.

வந்தவாசியிலிருந்து ஒரு கல்யாணக் கும்பல் வந்தது. முன்னால் வந்த கனத்த அம்மாள் நாற்காலியில் உட்காராமல் தேடினாள். “ராஜவேலு எங்கப்பா?”

“இதோ இருக்கேன்மா.”

“அடேயப்பா! உன்னை நின்னு பார்த்ததே இல்லியே நானு. இவ்ளோ ஒசரமா நீ?”

“புதுக் கடைக்கு வளர்ந்துட்டேம்மா.”

கும்பல் சிரித்தது. அலமு வாசல் ஓரத்தில் ஹயாத் பாஷாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொத பொண்ணுக்கு நீ எடுத்துக் குடுத்த மாதிரியே இவளுக்கும் எடுத்துக் குடு. கை ராசி உன்னுது” என்று அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மணப்பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தார். ஒரு கையால் உதறினார். பட்டு பாதி விரிந்து சன்மைக்காவின் வழவழப்பில் நழுவியது. முந்தானை அந்த அம்மாளின் பக்கம் சரிய, சேலை முழுவதும் அதன் பின்னால் தரைக்கு ஓடப் பார்த்தது. முதல் போணி. ராஜவேலு யோசிக்கவில்லை, இரண்டு கையாலும் பாய்ந்து அதைப் பிடித்தார். பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் கவுண்டருக்குப் பின்னால் சரிந்து உட்கார்ந்தார்.

“அண்ணே!” என்றான் வீரபாகு.

“கத்தாத. உக்காந்துட்டேன், அவ்ளோதான்.” பிறகு கீழேயிருந்து அவர் குரல் பழையபடி எழும்பியது. “அம்மா, இந்த அரக்கு வேணாம், பொண்ணுக்குக் கொஞ்சம் அடிக்குது. மயில்கழுத்துல ஒண்ணு வந்திருக்குது. வீரபாகு, மேல் அடுக்குல ரெண்டாவது, எடுத்து அம்மா மடியில போடு.”

அம்மாள் உட்கார்ந்தபடியே கவுண்டரை எட்டிப் பார்த்தாள். “எங்கப்பா போயிட்டே? கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்குது.”

“இங்க ஜில்லுனு இருக்குதும்மா. நீங்க சேலையைப் பாருங்க.”

மறுபடியும் சிரிப்பு. வீரபாகு மேலே நின்று விரித்தான். அவர் கீழே உட்கார்ந்து பேசினார். சேலை பிடித்துப்போயிற்று. இப்படியே ஓடிவிடும் போலத்தான் இருந்தது. அப்போது போட்டோகிராபர் கறுப்புத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

“எல்லா ஸ்டாஃபும் கவுண்டர் பின்னால நேரா நில்லுங்க சார். அங்க கீழ ஒருத்தர் தலை மட்டும் தெரியுது பாருங்க. அவரை எழுந்துக்கச் சொல்லுங்க, இல்ல உள்ள போகச் சொல்லுங்க.”

மேனேஜருக்கு அது யார் என்று தெரியாது. “அலமு, அந்த ஆளைக் கொஞ்சம் உள்ள அனுப்பிட்டு வாம்மா.”

“அவர் இருக்கட்டும் சார்.”

“படம் கெட்டுப்போகும்மா. எழுந்துக்க என்ன அவருக்கு?”

“எழுந்துக்க முடியாது சார்!” அவள் குரல் ட்யூப் லைட் வரை போய்த் திரும்பியது. “அவருக்குக் கால் சூம்பின கால். பொறந்து நடக்கப் பழகறதுக்குள்ள போன கால். அவரால நின்னுக்கினு சேலை காட்ட முடியாது. எங்க நைனா அவரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இந்தக் கவுண்டரைப் போட்டேன்.”

வந்தவாசி அம்மாள் முதலில் எழுந்தாள். கவுண்டர் மேல் குனிந்து கீழே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒருவர் தோளில் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். ராஜவேலு வேட்டியைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். இழுத்து முடித்து, நிமிராமல் சொன்னார்:

“வீரபாகு, அந்த மயில்கழுத்தை மடி.”

“அய்யோ, இத்தினி வருசமா தெரியாம போச்சேப்பா” என்றாள் அம்மாள்.

எல்லாரும் பழனியைப் பார்த்தார்கள். பழனிக்கு முகம் சிவந்துவிட்டது. “நைனாவுக்காகக் கேக்கறியான்னு நானே கேட்டேனே, நீதானேம்மா இல்லேன்னே!” என்றார் அலமுவிடம். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “பாய், நாளைக்கே இந்தக் கோடியை அறுத்துடுங்க. மெத்தை போடுங்க. எங்க கடையில ராஜவேலு அண்ணன் எப்பவும் போல உக்காந்துதான் விப்பாரு” என்றார்.

ஹயாத் பாஷா தலையாட்டினார். அலமு கவுண்டருக்குப் பின்னால் ஓடிக் குனிந்தாள். “நைனா, என் தோளைப் புடிச்சிக்கினு எழுந்திரு.”

“நீ அந்தப் பக்கம் போ. வாடிக்கை இருக்காங்க” என்றார் அவர்.

கவுண்டர் அறுபட்டு மெத்தை வந்தது. ராஜவேலு பழையபடி கடை திறக்கும் முன்பே போய் உட்கார்ந்தார். அலமு மீதி வேலைகளை முடிக்கிற வரை ஊரில் இருந்தாள். வீட்டில் அவர் அவளிடம் சோறு, குழம்பு என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்ததும் காந்தாவுக்குப் பொறுமை போயிற்று.

“அதான் இடம் கெடைச்சிதே. ஊருக்கெல்லாம் நிக்கிற எடம், உங்களுக்கு மட்டும் மெத்தை. இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிறீங்க? பொண்ணு நாளைக்குப் போவுது.”

ராஜவேலு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்கு மதுராந்தகத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. மொதல்ல என் வேட்டியைப் பார்த்தாங்க. எவன் சொன்னானோ. அப்புறம் சேலையைப் பார்த்தாங்க. வெல சொன்னேன். சரின்னு எடுத்துக்கினு போயிட்டாங்க.”

“நல்லதுதானே?”

“பேரம் பேசலடி.”

“பேசாட்டிப் போறாங்க. உங்களுக்குத் தொண்டைத் தண்ணி மிச்சம்.”

“நேத்து வந்தவங்களும் பேசல. ‘வேணாம்டி, பாவம், அவர் கேக்கறதைக் குடுத்துடு’ன்னு பொண்ணுகிட்ட சொல்றாங்க. எனக்குக் காது நல்லாத்தானே இருக்குது?” அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்திருந்தது. “சண்டை போட்டுத்தான் என்கிட்ட எடுப்பாங்க. போயிடுவேன்னு எழுந்து வாசல் வரைக்கும் போவாங்க, நான் கூப்புடுவேன். திட்டிக்கினே திரும்ப வந்து உக்காருவாங்க. இப்போ யாரும் எழுந்து போறதில்ல.”

காந்தா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“நைனா” என்றாள் அலமு.

“எந்த பஸ்ஸு?”

“காலையில மொத பஸ்ஸு.”

“பார்த்துப் போ” என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.